கண்பட்ட வீதி

வேளிமேட்டில் யாரும் யாரையும் கருத்துக் கேட்பதில்லை. அந்தப் பழக்கம் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகப்போகிறது.

முன்பெல்லாம் கூட்டம் போடுவார்களாம். மண்டபத்தில் நாற்காலி போட்டு, மைக் வைத்து, "இந்த இடத்தில் அடுக்குமாடி வரட்டுமா, நடைபாதை வரட்டுமா, சொல்லுங்கள்" என்பார்களாம். வந்தவர்களில் பாதிப் பேர் கட்டுமானக்காரர்கள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். மரம் வேண்டும், நிழல் வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துகிறவர் தன் வீட்டு வாசல் வேம்பை வெட்டிவிட்டுக் கார் நிறுத்தியிருப்பார். வாய்க்கும் மனசுக்கும் நடுவே அவ்வளவு தூரம்.

செவிமணி வந்து அந்தத் தூரத்தை அழித்தது. காது மடலில் மிளகு அளவில் ஓர் உலோகப் பொட்டு. நாடி துடிப்பதையும், தோல் வேர்ப்பதையும், கண் எதன்மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் அது கவனிக்கும். கவனித்ததை நகராட்சியின் கூட்டறிவிக்கு அனுப்பும். நோயைக் கவனிக்க மட்டும் அதற்கு அனுமதி கிடையாது. உடம்பு அவரவர் அந்தரங்கம் என்று சட்டம். ஆசையைக் கவனிக்கலாம். கூட்டறிவி ஊர் முழுக்க இருக்கும் ஆசைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவு சொல்லும். அடுத்த வாரமே வார்ப்பான்கள் வந்து நிற்கும். யானை உயரத்து இயந்திரங்கள். துதிக்கை மாதிரி நீண்ட குழாயால் கலவையைப் பீய்ச்சிப் பீய்ச்சி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரை வளர்த்துவிடும். இடிக்கவும் அதே துதிக்கைதான்.

செவிமணியைக் கழற்றி வைக்கத் தடை எதுவும் இல்லை. ஆனால் கழற்றியவனின் மனசு கணக்கில் வராது, கழற்றாத பக்கத்து வீட்டுக்காரனின் மனசு வரும். அதனால் யாரும் கழற்றியதில்லை.

வேளிமேடு சென்னைக்குத் தெற்கே, கண்ணாடி அலுவலகங்களைச் சுற்றி வளர்ந்த ஊர். நடுவே விரைவுச்சாலை. சாலைக்குக் கிழக்கே குடியேறியவர்கள் அப்போது வாடகை வீட்டில் நசுங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள். அவர்கள் செவிமணியெல்லாம் வீடு வீடு என்று அரற்றின. கூட்டறிவி கோபுரம் கோபுரமாக வீடு கட்டிக் கொடுத்தது; கோபுரத்துக்குக் கோபுரம் இடையில் வண்டி நிறுத்தம். மேற்கே இருந்தவர்கள் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள். அவர்கள் மனசு எதற்கு ஏங்கியது என்று பார்த்துக் கூட்டறிவி அவர்களுக்கு நிழல்வீதியைக் கொடுத்தது. வண்டி நுழையாத அகலமான தெரு. இரண்டு பக்கமும் புங்கமும் நாவலும். கால் வழுக்காத கல் பாவி, பிடித்து நடக்கக் கைப்பிடி, களைத்தால் உட்காரப் பலகை, நடுநடுவே டீக்கடை, பூக்கடை.

யுவராஜ் கிழக்கே குடியிருந்தார். அறுபதைத் தாண்டியவருக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர் மனைவி நிவேதா. நிவேதாவின் தங்கை ஷாலினி. தங்கையின் கணவர் பிரசன்னா, மேற்கே நிழல்வீதியிலேயே வீடு. சகலைகள் இருவரும் ஒரே காலத்தில்தான் வீடு தேடினார்கள். "எனக்கு ஒரு ரூம் ஜாஸ்தி சகல, நீங்கதான் அவசரப்பட்டுட்டீங்க" என்று கிரகப்பிரவேசத்தன்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னவர் யுவராஜ்தான். அந்தக் கூடுதல் அறையில் இப்போது பழைய மெத்தையும் மின்விசிறியும் கிடந்தன.

நிவேதாவுக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டாள். பேச்சு திரும்பியது, இடது கால் மட்டும் இழுத்தது. "மருந்து பாதி, நடை பாதி" என்றார் டாக்டர். "ரூமுக்குள்ள சுத்தறது போதாதும்மா. வெளியில, சமதரையில, தினமும் நடக்கணும்."

கிழக்கில் எங்கே நடப்பது? லிஃப்டை விட்டு இறங்கினால் கால் வைக்கிற இடம் வண்டித்தடம். ஓரமாக நடைபாதை என்று ஒன்று இருந்தது. அதில் பாதி கேபிள் குழி, மீதி தானூர்திகள் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் கம்பம். முதல்நாள் அவளைப் பிடித்துக்கொண்டு யுவராஜ் இறங்கினார். ஓட்டுநர் இல்லாத அந்த வண்டிகள் சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து வந்து நின்றன. அவள் நடுங்கிப்போய், "வேணாங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள்.

ஷாலினி போன் செய்தாள். "அத்தான், அக்காவ இங்க கூட்டிட்டு வாங்க. வாசல்லயே நடக்கலாம்."

அப்படித்தான் தினமும் மாலையில் அக்காவும் அத்தானும் தானூர்தியில் விரைவுச்சாலையைக் கடந்து மேற்கே போக ஆரம்பித்தார்கள்.

நிழல்வீதியில் யுவராஜ் கால் வைத்த அன்றே அவருக்குள் ஏதோ புளித்துவிட்டது. காற்று இலைகளுக்குள் புகுந்து வந்தது. வயசானவர்கள் தோள் உரசாமல் நடந்தார்கள். நடக்கப் பழகும் ஒரு குழந்தை விழுந்து எழுந்து விழுந்தது. யாரும் பதறவில்லை, பதற வேண்டிய வண்டி எதுவும் அந்தத் தெருவில் இல்லை. பிரசன்னா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏதோ அந்த மரமெல்லாம் தான் வைத்த மாதிரி நடுவீதியில் நின்றார்.

"வாங்க சகல! காத்து எப்படி?"

"காத்துதானே. எங்க ஃப்ளோர்லயும் அடிக்குது."

"அது மேல அடிக்கற காத்து. இது கீழ அடிக்கற காத்து" என்று சொல்லிச் சிரித்தார் பிரசன்னா. சாதாரணமாகத்தான் சொன்னார். அவரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அதுதான் யுவராஜால் தாங்க முடியாமல் இருந்தது. கர்வப்பட்டிருந்தால் திட்டியாவது ஆறியிருக்கலாம்.

நிவேதாவை நடக்க வைக்கும் வேலையைப் பிரசன்னா தானாகவே எடுத்துக்கொண்டார். யுவராஜ் பிடித்தால் அவள் எங்கே விழுந்துவிடுவாளோ என்று அவர் கையே நடுங்கும். அந்த நடுக்கம் அவளுக்கும் தொற்றும். பிரசன்னா கையைப் பிடிக்க மாட்டார். முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே கதை சொல்வார். அவர் அலுவலகத்து மேலாளர் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை, ஷாலினி பாயசத்தில் உப்பைப் போட்ட கதை. நிவேதா சிரித்துக்கொண்டே கதையைப் பிடிக்க நடப்பாள். டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து யுவராஜ் பார்த்துக்கொண்டிருப்பார். இத்தனை வருஷத்தில் தன்னிடம் அவள் இப்படிச் சிரித்தது உண்டா என்று யோசிப்பார். டீ ஆறிப்போகும்.

"நீங்க பேசாம இங்கயே வந்துடுங்க சகல" என்றார் பிரசன்னா ஒருநாள். "மாடில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. அண்ணிக்கும் அலைச்சல் இல்ல."

"எங்க வீட்டுலயும் ரூம் சும்மாதான் கெடக்கு" என்றார் யுவராஜ்.

அவர் மட்டும் இல்லை. கிழக்கிலிருந்து பலரும் மாலையில் நிழல்வீதிக்கு வந்து போனார்கள். வந்தவர்கள் திரும்பும்போது தானூர்தியில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள். கோபுரத்து லிஃப்டில் ஒரு பெண் சொன்னாள்: "அவங்களுக்கு என்ன, குடுத்து வச்சவங்க. அந்தப் புங்கமரத்துல இலை கொட்டுறதக் கூட ஒரு மிஷின் வந்து பொறுக்குது." இலை கொட்டாமல் பட்டுப்போனால் என்ன என்று கேட்கிற மாதிரி இருந்தது அவள் குரல். லிஃப்டில் இருந்த யாரும் மறுத்துப் பேசவில்லை. அத்தனை செவிமணிகளும் கவனித்துக்கொண்டிருந்தன.

ஒருநாள் மாலை நிவேதா கைத்தடியைப் பூக்கடை ஓரத்தில் சாத்தினாள். அவளாகத்தான் சாத்தினாள். "பிரசன்னா, அங்கயே நில்லுங்க, நான் வர்றேன்" என்றாள். பிரசன்னா நாவல் மரத்தடியில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். நிவேதா வெறுங்கையோடு அடி எடுத்து வைத்தாள். கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஷாலினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நிவேதா தடுமாறினாள், நிமிர்ந்தாள், போய்ச் சேர்ந்தாள். வீதியே கைதட்டியது. பிரசன்னா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கி, "அண்ணி, ஒலிம்பிக்ஸ்ல சேத்துடுவோம்!" என்றார்.

யுவராஜும் கைதட்டினார். சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்று நெளிந்தது. என்னிடம் நடந்து வரவில்லையே. என் பக்கத்தில் இப்படி ஒரு தெரு இருந்திருந்தால் நான் நின்றிருப்பேனே அந்த மரத்தடியில். அப்புறம், அதற்கும் கீழே, வார்த்தையாகக்கூட ஆகாத ஒன்று. இந்தத் தெரு இல்லாமல் போனால்.

அடுத்த வாரம் கூட்டறிவியின் முடிவு ஊர்ப் பலகைகளில் ஒளிர்ந்தது. நிழல்வீதி நீக்கப்படும். அந்த இடத்தில் வண்டித்தடமும் இரண்டு குடியிருப்புக் கோபுரங்களும் எழும். குடிமக்களின் விருப்பப்படி.

கிழக்கே எல்லாரும் திகைத்துப்போனார்கள். "நாங்க எப்பய்யா இடிக்கச் சொன்னோம்? எங்களுக்கும் ஒண்ணு குடுங்கன்னுதானே நெனைச்சோம்!" என்று கோபுர வாசல்களில் நின்று பேசினார்கள். உரக்கத்தான் பேசினார்கள். ஆனால் பலகையைப் படித்த முதல் நொடியில், நிவேதாவின் நினைப்பு வருவதற்கு முன்னால், தன் நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியதை யுவராஜ் உணர்ந்திருந்தார். மற்றவர்களுக்கும் அப்படித்தானோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைச் சந்திக்கவில்லை.

அவள் நினைப்பு பிறகுதான் வந்தது. நிவேதா இனி எங்கே நடப்பாள்?

பிரசன்னா வீடு தேடி வந்தார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "சகல, மறு அளவீடு கேக்கலாமாம். கிழக்குப் பக்கத்து ஆளுங்க வந்து உக்காந்து, அவங்க மனசு வேற மாதிரி இருக்குன்னு காட்டினா நிறுத்திடுவாங்களாம். நீங்க வந்தாப் போதும். உங்களவிட யாருக்கு இந்தத் தெரு வேணும்?"

"வர்றேன்" என்றார் யுவராஜ். மனதாரத்தான் சொன்னார்.

நகரமைப்பு அலுவலகத்தில் ஆதிரை என்ற அதிகாரி அவர்களை வரவேற்றார். இளம்பெண். நிதானமாகப் பேசினார்.

"கூட்டறிவி தப்பாப் படிச்சிருச்சுன்னு நெனைக்கறீங்க. அப்படியும் இருக்கலாம். அதுக்குத்தான் மறு அளவீடு."

"எங்களுக்கும் ஒரு வீதி வேணும்னுதானே நாங்க ஆசைப்பட்டோம்?" என்றார் யுவராஜ். "அது எப்படிம்மா இடிக்கச் சொன்ன மாதிரி ஆகும்?"

"ரெண்டும் இருந்தது சார். எனக்கும் வேணும்ங்கறதும் இருந்தது. அவனுக்கு எதுக்குங்கறதும் இருந்தது. ரெண்டுக்கும் நாடி வேற மாதிரி ஓடும். முதல்ல சொன்னது சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டா அடங்கிடுது. ரெண்டாவது அடங்கவே மாட்டேங்குது. தூங்கி எந்திரிச்சாலும் அப்படியே இருக்கு." ஆதிரை கொஞ்சம் தயங்கினார். "எது மாறாம இருக்கோ அதைத்தான் உண்மையான விருப்பம்னு எடுத்துக்கச் சொல்லி இருக்கு. நாமதான் சொல்லி இருக்கோம்."

கிழக்கிலிருந்து வந்திருந்த எல்லாரையும் தனித்தனித் தடுப்பில் உட்கார வைத்தார்கள். மேற்குக்காரர்கள் வெளியே காத்திருந்தார்கள். யுவராஜின் எதிரே சுவரில் நிழல்வீதி விரிந்தது. மரங்கள், பலகைகள், கைப்பிடியில் சாய்ந்து நிற்கும் கிழவர்கள். அவர் நிவேதாவை நினைத்துக்கொண்டார். அவள் கால் தேறவேண்டும். இந்தத் தெரு இருக்கவேண்டும். உண்மையாக வேண்டினார், கோயிலில் நிற்கிற மாதிரி. மனசைக் காட்டும் சுவரோரத்து விளக்கு பச்சையாக எரிந்தது. முதுகில் வேர்வை காய்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

காட்சி மாறியது. வீதியின் கண்காணிப்புக் கேமராக்கள் பதிந்து வைத்திருந்த உண்மையான மாலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினார்கள். பூக்கடை. சாத்தி வைத்த கைத்தடி. நிவேதா அடியெடுத்து வைக்கிறாள். அவள் முகம் இவ்வளவு அருகில் அன்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. டீக்கடைப் பலகையிலிருந்து அவர் பார்த்தது அவள் முதுகை மட்டும்தான். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் இப்படி மலரவில்லை. அந்த மலர்ச்சி முழுக்க, கைகளை விரித்து நிற்கும் பிரசன்னாவைப் பார்த்து இருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் தெரிந்தது. திறந்தபோது விளக்கு பச்சையாக இல்லை.

யார் யார் விளக்கு எப்படி எரிந்தது என்று வெளியே சொல்வதில்லை. மொத்தத்தை மட்டும் அறிவித்தார்கள். முடிவில் மாற்றம் இல்லை.

வாசலில் பிரசன்னா அவர் தோளைப் பிடித்தார். "பரவாயில்ல சகல. நீங்க உங்களால ஆனதப் பண்ணீங்க. மத்தவங்க மனசுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

யுவராஜ் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

வார்ப்பான்கள் வந்தன. நாவல் மரங்களை வேரோடு தூக்கி வண்டியில் அடுக்கின. கல்லைப் பெயர்த்தன. மேற்கே ஜனங்கள் மாடியில் நின்று பார்த்தார்கள். கிழக்கேயும் மாடியில் நின்று பார்த்தார்கள். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த யுவராஜ் அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். பல மாதங்களாக அப்படித் தூங்கியதில்லை. எழுந்தபோது நிவேதா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி தெளிஞ்சிருக்கு" என்றாள்.

"தூங்கினேன்ல."

"ம்." பிறகு, "டீக்கடையில உக்காந்துட்டு இருந்த ஆளு ஒருநாள் எந்திரிச்சு வந்து, நான் பிடிச்சுக்கறேன் நகருங்க சகலன்னு சொல்லி இருந்தா, நான் உங்க பக்கமே நடந்திருப்பேன். கேக்கத் தெரியல. பொறாமைப்பட மட்டும் தெரிஞ்சது" என்றாள்.

அவள் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதுதான் நிவேதா.

வீட்டுக்குள்ளேயே இருந்ததில் அவள் கால் மறுபடி இறுகத் தொடங்கியது. கைத்தடி திரும்பி வந்தது. ஒரு மாலை யுவராஜ் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே பார்த்தார். அவர்கள் தளத்தின் நடைகூடம் நீளமாக, வெறிச்சென்று கிடந்தது. இரண்டு பக்கமும் மூடிய கதவுகள். ஆனால் தரை சமமாக இருந்தது.

"வா நிவி" என்றார். "நான் பிடிச்சுக்கறேன்."

முதலில் அவர் கை நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. பிரசன்னாவைப் போல் கதை சொல்ல அவருக்கு வராது. பழைய சினிமாப் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடினார். நிவேதா வரிகளைத் திருத்தினாள். கடைசிக் கதவு வரை போய்ச் சுவரைத் தொட்டுத் திரும்புவது, மறுபடி போவது. சில வாரங்களில் அவள் தடியைக் கதவோரம் விட்டுவிட்டு வரத் தொடங்கினாள். ஒருநாள் அவர் அந்தக் கோடியில் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். வெட்கமாகத்தான் இருந்தது. அவள் அங்கிருந்து நடந்து வந்தாள். அந்த முகத்தை இந்தத் தடவை அவர் நேருக்கு நேர் பார்த்தார்.

அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது பக்கத்துக் கதவு பாதி திறந்திருப்பதைக் கண்டார். லோகேஷ் நின்றுகொண்டிருந்தார். மனைவி இறந்த பிறகு தனியாக இருப்பவர். நல்ல மனிதர், தளத்தில் யாருக்கு என்ன உதவி என்றாலும் முதலில் வருபவர். அவர் சிரிக்க முயன்றார். சிரிப்பு உதட்டோடு நின்றது. கண் மட்டும் அவர்கள் கோத்திருந்த கைகளின் மேல் இருந்தது.

டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து எந்தப் பார்வை பார்த்தோமோ அதே பார்வை என்று யுவராஜுக்குத் தெரிந்தது. லோகேஷின் காதில் செவிமணி மின்னியது.

யுவராஜ் நிவேதாவை அவசரமாக உள்ளே கூட்டி வந்துவிட்டார்.

அதற்குள் ஊரில் செய்தி பரவத் தொடங்கியிருந்தது. மேற்கே ஒரு மாடிக் குடியிருப்பில் மொட்டைமாடித் தோட்டத்தை மூடிவிட்டார்கள், கீழ்த்தளத்துக்காரர்களின் விருப்பப்படி. கிழக்கே ரயிலடிக்குப் போகும் குறுக்குவழியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். நெடுந்தூரம் சுற்றிப் போக வேண்டியிருந்த மேற்குக்காரர்களின் விருப்பப்படி. அடுத்த கோபுரத்தில் ஒரு தளத்து நடைகூடத்தையே சாமான் அறைகளாகத் தடுத்துவிட்டார்கள். அங்கே குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்களாம்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். வேளிமேட்டில் கண்ணடிக்குப் பின்னால் வார்ப்பான் வந்தது.

நிவேதாவிடம் அவர் விஷயத்தைச் சொன்னபோது அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ சந்தோஷமா நடந்தாத்தானே கண்ணு படும்?" என்றாள். "அழுதுக்கிட்டே நடப்போம்."

மறுநாள் நடைகூடத்தில் அவள் போட்ட கூச்சலில் யுவராஜே பயந்துபோனார். "அய்யோ அம்மா, இந்தக் கால வெட்டிப் போட்டாத் தேவலாமே! இந்த மனுஷன் என்னை இழுத்தடிச்சே கொல்றாரே!" கதவுகள் திறந்தன. யுவராஜ் தன் பங்குக்கு, "உன்னோட ஒரே ரோதனை. எந்திரிச்சு நடடி" என்று எரிந்து விழுந்தார். லோகேஷின் முகத்தில் இரக்கம் வந்தது. கதவு மூடியது. நிவேதா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மெல்ல மெல்லத் தளம் முழுக்க, பிறகு சாலைக்கு அப்பால் மேற்கேயும் அது பரவியது. வேலை கிடைத்த பெண் லிஃப்டில் விசும்பினாள். பேரன் பிறந்த வீட்டில் தினமும் சண்டை போட்டுக்கொண்டார்கள். புதுச் சட்டை போட்டவர் வெளியே வருமுன் கசக்கிக்கொண்டு வந்தார். நடிப்புதான் என்று எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரியும். தெரிந்தும், அழுகிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட யாராலும் முடியவில்லை. செவிமணிகள் அமைதியாயின. அந்த ஆண்டு மாநிலத்திலேயே மிகுந்த நிறைவோடு வாழும் புறநகர் என்று வேளிமேட்டுக்கு விருது கொடுத்தார்கள். விருதைச் செய்தியில் பார்த்தவர்கள் வழக்கம்போல் புலம்பினார்கள்.

மழை ஓய்ந்த ஒரு மாலை. இருவரும் நடைகூடத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். பாதி வழியில் நிவேதா நின்றாள். "அய்யோ" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள்.

"எந்திரிடி, உன்னோட இதே வேலையாப் போச்சு" என்றார் யுவராஜ் உரக்க. பின்பு குனிந்து, தாழ்ந்த குரலில், "போதும் நிவி. யாரும் பாக்கல" என்றார்.

"நான் நடிக்கலங்க" என்றாள். வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

அவர் அலறினார். கதவுகள் திறந்தன. லோகேஷ் நின்றார். பேரன் பிறந்த வீட்டுப் பாட்டியும் மருமகளும் நின்றார்கள். "தூக்குங்க! லிஃப்ட் வரைக்கும் தூக்கணும், ஒரு கை குடுங்க!" என்று கத்தினார் யுவராஜ். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

மருமகள் தானும் குரலைத் தழதழக்க வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுலயும் நிலைமை இதேதான் சார்" என்றாள்.

"நிஜமாச் சொல்றேம்மா! நிஜமா!"

"எல்லாரும் நிஜமாத்தான் சார் சொல்றோம்" என்றார் லோகேஷ், மரியாதையாக. அவர் முகத்தில் அதே இரக்கம். அடுத்தவர் துக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது நாகரிகம் இல்லை என்பதுபோல் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். மற்றக் கதவுகளும் மூடின.

ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றது போனில் ஒரு குரல். ஆளில்லாமல் ஓடிவரும் வண்டி கீழே வந்து நின்றால் போதாது; அவளை இறக்க வேண்டும். நிவேதாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பிரசன்னாவைக் கூப்பிட்டார்.

"சகல, ஓடி வாங்க. நிவேதா விழுந்துட்டா. பேச்சு வரல. சீக்கிரம் வாங்க சகல, உங்களத் தவிர எனக்கு யாரும் இல்ல" என்று தேம்பினார்.

பிரசன்னா, யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதென்பது போல், ரகசியமாகக் கேட்டார்.

"பக்கத்துல யார் நிக்கறாங்க சகல?"